மருத்துவப் படிப்பில் விரிவுரையே வேண்டாமா?

கேள்வி: மருத்துவக் கல்லூரிப் பாடத்திட்டத்தை வயது வந்தோர் கற்கும் முறைப்படி அமைக்க வேண்டும் என்கிறார்களே, அப்படியென்றால் விரிவுரையே கூடாதா?

பதில்: கூடாது என்று யார் சொன்னது? ஒரு விஷயம் எதற்கு உதவும் என்று தெரிந்தால்தான் வளர்ந்தவர்கள் மனம் வைத்துப் படிப்பார்கள், ஏற்கெனவே தெரிந்ததோடு பொருத்திப் பார்ப்பார்கள் என்பதுதான் வயது வந்தோர் கல்வியை ஆராய்ந்த அமெரிக்கக் கல்வியாளர் மால்கம் நோல்ஸ் வலியுறுத்திய கருத்தின் சாரம். கனடாவின் மெக்மாஸ்டர் பல்கலைக்கழகம் 1969-லேயே இந்தப் பாதையில் இறங்கிவிட்டது. மூச்சுத்திணறலோடு வரும் ஒரு நோயாளியின் விவரத்தைச் சிறு குழுவிடம் கொடுத்தால் இதயமா, நுரையீரலா, இரத்தசோகையா என்று விவாதிக்கும்போதே தங்களுக்கு எது தெரியவில்லை என்பதை மாணவர்களே கண்டுபிடித்து, தேடிப் படித்து, அடுத்த கூட்டத்தில் வந்து பேசுவார்கள், உடற்கூறியலும் உடலியங்கியலும் அந்த ஒரு கேள்விக்குள்ளேயே வந்துவிடும். எனக்கு மிகவும் பிடித்த முறை இது.

ஆனால் அடித்தளமே இல்லாத முதலாண்டு மாணவரிடம் ‘நீயே தேடிக்கொள்’ என்பது அநியாயம், அங்கே நல்ல விரிவுரையும் பக்கத்தில் ஒரு வழிகாட்டியும் கட்டாயம் வேண்டும். அப்புறம் தேர்வு. எல்லாவற்றையும் மாற்றிவிட்டுக் கடைசியில் மனப்பாடக் கேள்வித்தாளையே நீட்டினால் மாணவர்கள் அதற்குத்தான் படிப்பார்கள். அவர்கள் நோயாளியிடம் பேசுவதையும் பரிசோதிப்பதையும் ஆசிரியர் நேரில் பார்த்து, எங்கே பிசகியது என்று அன்றைக்கே சொல்ல வேண்டும்.