கொருக்குப்பேட்டை வாக்கை எண்ணூருக்கு மாற்றணுமா?

கேள்வி: கொருக்குப்பேட்டையில் பழைய வீட்டை இடித்துக் கட்டுகிறோம். ஒன்றரை வருடமாவது ஆகும். அதுவரை எண்ணூரில் வாடகை வீடு. வாக்காளர் பட்டியலில் பெயரையும் அங்கே மாற்றணுமா? தொகுதிகளையே மாற்றி வரையப் போகிறார்கள், அதுவரை பொறு என்கிறார் என் கணவர்.

பதில்: பொறுக்க வேண்டாம். தொகுதி எல்லை வேறு, வாக்காளர் பட்டியல் வேறு. 2008 மறுசீரமைப்பில் கொளத்தூர் புதுத் தொகுதியானபோது அங்கே இருந்தவர்கள் மனுவோடு அலையவில்லை. தெருவோடு பெயரும் சேர்ந்து போனது. புது எல்லை வந்தாலும், இருக்கிற மக்களவை கலையும் வரை பழையதுதான் என்கிறது அரசியல் சட்டத்தின் 82-ஆவது பிரிவு.

சிக்கல் 1950-ஆம் வருட மக்கள் பிரதிநிதித்துவச் சட்டத்தின் 20-ஆவது பிரிவில் இருக்கிறது. சொந்த வீடு இருந்தால் மட்டும் போதாது, வழக்கமாகக் குடியிருக்க வேண்டும். தற்காலிகமாக வெளியே போனால் உரிமை போகாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. வாதாடலாம். ஆனால் பி.எல்.ஓ. (வாக்குச்சாவடி நிலை அலுவலர்) வந்து பார்த்தால் அங்கே ஜல்லியும் கம்பியும்தான் கிடக்கும். 'குடிபெயர்ந்தவர்' என்று குறித்துக்கொண்டு போய்விடுவார். நீக்குமுன் உங்களைக் கேட்க வேண்டும் என்பது சட்டம். அந்த நோட்டீஸும் இடித்த வீட்டுக்குத்தானே வரும்? இரண்டு மாதம் என்றால் விட்டுவிடச் சொல்வேன். ஒன்றரை வருடத்துக்கு மாற்றிவிடுவதே நல்லது.

அதற்குப் படிவம் 8. முன்பு தொகுதி மாறினால் படிவம் 6 போடுவோம். 2022 ஆகஸ்டிலிருந்து 6 புது வாக்காளருக்கு மட்டும். பழக்கத்தில் அதைப் போட்டு, இரண்டு இடத்தில் பெயர் ஏறி மாட்டிக்கொள்ளாதீர்கள். கொருக்குப்பேட்டை ஆர்.கே. நகர் தொகுதி, எண்ணூர் திருவொற்றியூர் தொகுதி. எம்.எல்.ஏ. மாறுவார், எம்.பி. மாறமாட்டார், இரண்டுமே வடசென்னைக்குள்தான்.

பலர் சறுக்குவது முகவரிச் சான்றில். பத்திரத் தாளில் டைப் அடித்துக் கையெழுத்துப் போட்ட வாடகை ஒப்பந்தம் போதாது, அது பதிவானதாக இருக்க வேண்டும். கரண்ட் பில் ஓனர் பெயரில் இருக்கும். அதனால் முதலில் வங்கிப் புத்தகத்திலோ ஆதாரிலோ எண்ணூர் விலாசத்தை ஏற்றுங்கள், அப்புறம் படிவம். தேர்தல் நேரத்தில் வேட்புமனுவின் கடைசி நாள் தாண்டினால் பட்டியலில் பெயர் ஏறாது.

வீடு முடிந்து திரும்பியதும் இன்னொரு படிவம் 8 போட வேண்டும். பால் காய்ச்சுகிற வாரத்திலேயே போட்டுவிடுங்கள்.