காது அடைக்கிறதா? மெஷினைத் திட்டும் முன்...

தூக்கத்தில் மூச்சு தடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்றை அழுத்தித் தரும் சிபேப் மெஷின் மாட்டிய நாளிலிருந்து இரண்டு காதும் கும்மென்று அடைக்கிறது. எச்சில் விழுங்கினால் 'டப்' என்று சத்தம். மெஷினைத் திருப்பிக் கொடுக்கலாமா? - சேலம் வாசகர்

பெரும்பாலும் இது மெஷின் பழுது இல்லை. மூக்கின் பின்பக்கத்திலிருந்து நடுக்காதுக்குப் போகும் யூஸ்டேஷியன் குழாய் வழியாகக் காற்றழுத்தம் காதுக்கும் ஏறுகிறது. சளி, சைனஸ் இருந்தால் தொல்லை கூடும். முதலில் மூக்கடைப்பைக் கவனியுங்கள். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபையரைத் தண்ணீர் ஊற்றாமல் சும்மா வைத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெல்ல ஏற்றும் 'ரேம்ப்' வசதியையும், மூச்சை விடும்போது அழுத்தம் தணியும் வசதியையும் போட்டுத் தரச் சொல்லுங்கள். அழுத்தத்தை மட்டும் நீங்களாகக் குறைக்காதீர்கள். அது டாக்டர் எழுதிய அளவு. காதில் வலி, சீழ், தலைசுற்றல் வந்தாலோ காது கேட்பது குறைந்தாலோ உடனே இ.என்.டி. டாக்டரிடம் போங்கள்.

தெரிந்தவர் பயன்படுத்திய மெஷின் பாதி விலைக்குக் கிடைக்கிறது. வாங்கட்டுமா? - திருச்சி வாசகர்

வேண்டாம். உள்ளே ஒலியைத் தணிக்கும் ஃபோம் பொடிந்து மூச்சுக் காற்றில் கலக்கலாம் என்று 2021 ஜூனில் பிலிப்ஸ் பல மாடல்களைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தது. உங்களுக்குக் கிடைப்பது அவற்றில் ஒன்றாக இருக்கலாம்.

ஜி.எஸ்.டி. மிச்சம் என்று பில் இல்லாமல் வாங்கினேன். இப்போது வாரண்டி கிடையாது என்கிறார்கள். - கோவை வாசகர்

வரியை மிச்சம் பிடித்து வாரண்டியைத் தொலைத்திருக்கிறீர்கள். இந்தப் பகுதியில் எத்தனை முறை எழுதுவது? பணம் அனுப்பிய பதிவு, வாட்ஸ்அப் செய்திகள் இருந்தால் அழிக்காமல் வைத்துக்கொண்டு தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-க்குப் போன் செய்யுங்கள்.

அப்பாவுக்கு வாங்கிய மாஸ்க் பெரிது, காற்று கசிகிறது. சொன்னதும் கடை ஆள் வந்து அழுத்தத்தை ஏற்றிவிட்டுப் போனார். இப்போது அப்பாவுக்குக் காது வலி. 'விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது' என்று பில்லில் இருப்பதைக் காட்டுகிறார்கள். - மதுரை வாசகி

உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லை, அம்மா. கசிவுக்கு மருந்து சரியான மாஸ்க். அழுத்தத்தை ஏற்றுவது இல்லை. முதல் வேலையாக டாக்டரிடம் சொல்லி அழுத்தத்தைப் பழைய அளவுக்கு மாற்றுங்கள்.

அந்த பில் வாசகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு இல்லாவிட்டால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிகம். உங்கள் மாஸ்க்கில் குறை இல்லை, சைஸ்தான் தப்பு என்று வாதிடுவார்கள். அளவு பார்க்காமல் தலையில் கட்டியதும், டாக்டரைக் கேட்காமல் அழுத்தத்தை ஏற்றியதும் சேவைக் குறைபாடு என்று நீங்கள் சொல்லுங்கள். செருப்பைக்கூடப் போட்டுப் பார்த்துத்தான் விற்கிறார்கள். ராத்திரி முழுக்க முகத்தில் கிடக்கும் மாஸ்க்கை டப்பாவோடு நீட்டுகிறார்கள். மல்லாந்து படுக்க வைத்து, மெஷினை ஓடவிட்டு, புரண்டு படுக்கும்போதும் கசிகிறதா என்று பார்த்துத்தான் கொடுக்க வேண்டும். என் வீட்டுக்கும் 'மீடியம்' என்று போட்ட ஒன்று ஆன்லைனில் வந்தது. மூக்குத் தண்டில் புண் வைத்தது, மாற்றித் தரவில்லை.

கடைக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். அசையாவிட்டால் 1915, அதற்கும் மசியாவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். வக்கீல் கட்டாயமில்லை, பொருளுக்குக் கொடுத்த பணம் 5 லட்சம் ரூபாய் வரை என்றால் கட்டணமும் இல்லை. 2 ஆண்டுக்குள் போக வேண்டும். அழுத்தத்தை ஏற்றச் சொன்ன டாக்டர் சீட்டு எங்கே என்ற கேள்வியைப் புகாரின் முதல் வரியிலேயே வையுங்கள்.