க்ளோஸ் பண்ணியும் ரிலீஸ் ஓடலை, அடுத்த ஓப்பன் ஈபிஸி

டிவைஸை க்ளோஸ் பண்ணியும் உங்க டிரைவரோட ரிலீஸ் ஃபங்ஷன் (டிவைஸை விடுவிக்கிற பகுதி) ஓடலை, அடுத்த ஓப்பன் ஈபிஸி (டிவைஸ் பிஸிங்கிற எரர்) கொடுக்குதுன்னு கேட்டிருந்தீங்க. அந்த ஃபங்ஷன்ல தப்பு இல்லை. லினக்ஸ் கெர்னல் ஒவ்வொரு க்ளோஸுக்கும் அதைக் கூப்பிடாது. அந்த ஓப்பனைப் பிடிச்சிருக்கிற கடைசிப் பிடியும் விட்ட பிறகுதான் கூப்பிடும். அதுவரை டிவைஸ் பயன்பாட்டில் இருக்குன்னு குறிக்கிற உங்க பிஸி ஃப்ளாக் இறங்காது, அடுத்த ஓப்பன் ஈபிஸின்னுதான் திரும்பும்.

நீங்க போட்ட கோடில் ஓப்பனுக்கு அப்புறம் ஒரு ஷெல் ஸ்கிரிப்ட் ஓடுதே, அங்கதான் என் சந்தேகம். அந்தச் சைல்டு புராசஸுக்கும் அதே டிஸ்கிரிப்டர் (திறந்த ஃபைலைக் குறிக்கிற எண்) போயிடும். கிண்டியில் ஒரு எடை மெஷினுக்கு டிரைவர் எழுதினப்ப எனக்கு இதே இடத்தில் ரெண்டு நாள் போச்சு. கடைசியில் பார்த்தா, ஸ்கிரிப்ட் பின்னணியில் விட்டுட்டுப்போன ஒரு ஸ்லீப் கமாண்ட் டிவைஸைப் பிடிச்சுட்டு இருந்தது.

க்ளோஸுக்கு அப்புறம் டிவைஸ் பாதைக்கு ‘ஃபியூசர் -வி’ (fuser -v) கொடுத்துப் பாருங்க, எந்தப் புராசஸ் பிடிச்சிருக்குன்னு காட்டும். வேற பிஐடி (புராசஸ் எண்) தெரிஞ்சா, ஓப்பனில் ஓ_க்ளோஎக்ஸெக் (O_CLOEXEC) சேருங்க; வேற புரோகிராம் ஓடத் தொடங்கும்போது டிஸ்கிரிப்டர் தானா மூடிடும். டிவைஸை எம்மேப் (mmap, மெமரியோட இணைக்கிறது) பண்ணியிருந்தா அதுவும் ஒரு பிடி; மன்மேப் (munmap, அந்த இணைப்பை எடுக்கிறது) ஆகிற வரை ரிலீஸ் வராது.

அவசரப்பட்டு ரிலீஸில் இருக்கிற வேலையை டிரைவரோட ஃப்ளஷ் ஃபங்ஷனுக்கு மாத்திடாதீங்க. அது ஒவ்வொரு க்ளோஸுக்கும் ஓடும். சைல்டு முடியும்போதே ஹார்டுவேர் அணைஞ்சிடும். இன்னொண்ணு: ஓப்பன் பாதியில் எரர் கொடுத்தா ரிலீஸ் வரவே வராது, ஃப்ளாகை அங்கேயே இறக்கணும்.