யாருடைய அமைதிக்காக மறைத்தார்கள்?

கேள்வி: அமெரிக்காவின் தென் மாநிலங்களில் 1960-களில் கறுப்பின மக்கள் தாக்கப்பட்டபோது உள்ளூர்ப் பத்திரிகைகள் அடக்கி வாசித்தன என்று இப்போது குற்றம் சொல்கிறார்கள். அந்தப் பத்திரிகைகளும் மன்னிப்புக் கேட்கின்றன. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றாமல் இருந்தது பொறுப்பான செயல்தானே?
– ஒரு வாசகர், திருநெல்வேலி

பதில்: இதைப் பொறுப்பு என்று சொல்ல என் மனம் ஒப்பவில்லை. எல்லா விஷயத்திலும் அவை அடக்கி வாசித்திருந்தால் உங்கள் வாதத்தைக் காதுகொடுத்துக் கேட்கலாம். அடித்தவனைப் பற்றி எழுதும்போது மட்டும்தான் அவற்றின் குரல் தாழ்ந்தது. அடிபட்டவனைப் பற்றி எழுதும்போது தாழவே இல்லை.

மிசிசிப்பியின் தலைநகரான ஜாக்சனில் வெளிவந்த 'கிளாரியன்-லெட்ஜர்' நாளிதழை எடுத்துக்கொள்ளுங்கள். 1963 ஆகஸ்ட் 28 அன்று கறுப்பின மக்களின் உரிமைக்காக வாஷிங்டனில் ஏறத்தாழ இரண்டரை லட்சம் பேர் திரண்டு, அமைதியாகக் கூடிக் கலைந்தார்கள். மார்ட்டின் லூதர் கிங் தன் கனவைச் சொன்ன பேரணி அது. கூட்டம் கலைந்தபின் குப்பை அள்ளியதைச் சாக்கிட்டு அந்த நாளிதழ் இட்ட தலைப்பு: 'நீக்ரோ குப்பை அகன்றது, வாஷிங்டன் மீண்டும் சுத்தம்'. தீயில் எண்ணெய் ஊற்ற அஞ்சியவர்கள் எழுதுகிற தலைப்பா இது?

அதே ஆண்டு ஜூன் 12 அன்று, அதே ஜாக்சனில், கறுப்பின மக்களின் உரிமைப் போராட்டத் தலைவர் மெட்கர் எவர்ஸ் தன் வீட்டு வாசலில் சுட்டுக் கொல்லப்பட்டார். பைரன் டி லா பெக்வித் என்பவர் கைதானார். கலிபோர்னியாவில் பிறந்தவர்தான். ஆனால் சிறுவனாக இருந்தபோதே மிசிசிப்பியின் கிரீன்வுட் ஊருக்கு வந்து, அங்கேயே வளர்ந்து, அங்கேயே பிழைத்தவர். 'எவர்ஸ் கொலை வழக்கில் கலிபோர்னியாக்காரர் மீது குற்றச்சாட்டு' என்று தலைப்பிட்டது அந்த நாளிதழ். பிறந்த ஊரை வைத்துப் பார்த்தால் பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் காலையில் பேப்பரைப் பிரித்த ஜாக்சன் வாசகருக்கு, இதைச் செய்தவன் நம் ஆள் இல்லை என்ற நிம்மதி கிடைத்துவிட்டது. அந்த நிம்மதியைக் கொடுப்பதற்காகவே அந்தத் தலைப்பு எழுதப்பட்டது என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

இனி, மறைத்ததால் தீ தணிந்ததா என்று பார்ப்போம். 1963 மே மாதம் அலபாமா மாநிலத்தின் பர்மிங்காமில் இனப் பிரிவினையை எதிர்த்துக் கறுப்பினப் பள்ளிப் பிள்ளைகள் ஊர்வலம் போனார்கள். போலீஸ் நாய்களை ஏவியது. தீயணைப்புக் குழாயால் பிள்ளைகள் மீது தண்ணீரைப் பீய்ச்சி அடித்தார்கள். நாய் பாய்கிற படம் 'நியூயார்க் டைம்ஸ்' முதல் பக்கத்தில் வந்தது. சம்பவம் நடந்த ஊரின் முக்கிய நாளிதழான 'பர்மிங்காம் நியூஸ்' அந்தச் செய்திகளை உள்பக்கத்துக்குத் தள்ளியது. நான்கே மாதத்தில், செப்டம்பர் 15 அன்று, கறுப்பின மக்கள் வழிபடும் பதினாறாவது தெரு பாப்டிஸ்ட் தேவாலயத்தில் வெள்ளை இனவெறியர்கள் வைத்த குண்டு வெடித்து நான்கு சிறுமிகள் இறந்தார்கள். உள்பக்கத்துக்குத் தள்ளியதால் வந்த அமைதி இதுதான்.

அந்த நாளிதழின் புகைப்படக்காரர்கள் சும்மா இருக்கவில்லை என்பது இன்னும் வேதனையானது. தெருவில் நின்று படம் எடுத்து வந்து கொடுத்தார்கள். பல்லாண்டுகள் கழித்து, பயிற்சிக்கு வந்த ஓர் இளைஞர் அலுவலகத்துச் சாமான் அறையில் ஒரு பெட்டியைக் கண்டார். 'பத்திரப்படுத்தவும், விற்க வேண்டாம்' என்று அதன்மேல் எழுதியிருந்தது. உள்ளே ஆயிரக்கணக்கான நெகட்டிவ்கள். பல அதுவரை அச்சேறாதவை. 2006 பிப்ரவரியில்தான் அவற்றிலிருந்து எடுத்துச் சிறப்புப் பகுதியாக வெளியிட்டார்கள். படம் எடுத்தவன் கடமையைச் செய்துவிட்டான். ஆசிரியர் நாற்காலியில் இருந்தவர்கள்தான் தவறினார்கள். அதே நாற்காலியில் உட்கார்ந்திருப்பவன் என்பதால் எனக்கு இதில் கோபம் அதிகம்.

கென்டக்கியின் லெக்சிங்டனில் கறுப்பின மக்களின் செய்திக்கென்று தனிப் பத்தியே ஒதுக்கி வைத்திருந்தார்கள். அவர்களின் போராட்டமோ முதல் பக்கத்துக்கு வராமல் பார்த்துக்கொள்ளப்பட்டது. 2004 ஜூலை 4 அன்று 'ஹெரால்டு-லீடர்' முதல் பக்கத்திலேயே ஒரு திருத்தம் போட்டது: உரிமைப் போராட்டச் செய்திகளை வெளியிடத் தவறினோம், விடுபட்டதற்கு வருந்துகிறோம் என்று. நாற்பது ஆண்டுகள் தாமதமானாலும், வருத்தமே தெரிவிக்காமல் இருப்பதைவிட மேல்.

அந்தக் காலத்தில் வேறு வழி இருந்ததா என்றும் நீங்கள் கேட்கலாம். இருந்தது. மிசிசிப்பியில் உள்ள வேறொரு லெக்சிங்டனில் ஹேசல் பிரானன் ஸ்மித் என்ற பெண் ஒரு சிறு வார இதழ் நடத்தினார். இனப் பாகுபாட்டை எதிர்த்துப் புறப்பட்டவர் அல்லர். தொடக்கத்தில் அதை ஏற்றுக்கொண்டவர்தான். ஆனால் 1954-ல் உள்ளூர்க் காவல் தலைவரான ஷெரிப் ஒரு கறுப்பின இளைஞரைக் காலில் சுட்டபோது, இந்த ஷெரிப் பதவியில் இருக்கத் தகுதியற்றவர் என்று பெயர் சொல்லி எழுதினார். ஷெரிப் அவதூறு வழக்குப் போட்டார். 10,000 டாலர் கட்டச் சொன்னது கீழ்க் கோர்ட். மாநில உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. அதோடு விட்டார்களா? மருத்துவமனை நிர்வாகியாக இருந்த கணவரின் வேலை போனது. விளம்பரங்கள் நின்றன. அவரை ஒழிப்பதற்கென்றே ஊரில் போட்டிப் பத்திரிகை தொடங்கினார்கள். 1964-ல் பத்திரிகைத் துறையின் உயரிய பரிசான புலிட்சர் கிடைத்தது, கடன் தீரவில்லை. 1985-ல் இதழ் நின்றே போனது. எழுதினால் என்ன விலை என்பது மற்ற ஆசிரியர்களுக்கும் தெரியும். அவர்கள் அந்த விலையைக் கொடுக்க விரும்பவில்லை. ஊரின் அமைதி என்பது பிறகு சொல்லிக்கொண்ட காரணம்.

பெக்வித்துக்கு என்ன ஆயிற்று? 1964-ல் இரண்டு முறை விசாரணை நடந்தது. முழுக்க வெள்ளையர்களே இருந்த ஜூரிகள் இரண்டு முறையும் ஒருமித்த முடிவுக்கு வரவில்லை. ஆள் வீடு திரும்பினார். இனப் பிரிவினையைக் காக்க மிசிசிப்பி அரசே நடத்திய இறையாண்மை ஆணையம், ஜூரிகளைப் பற்றித் துப்பு விசாரித்து அவர் தரப்புக்கு ரகசியமாக உதவியிருந்தது. 1989-ல் அதை அம்பலப்படுத்தியவர் ஜெர்ரி மிட்செல் என்ற நிருபர். வெளியிட்ட பத்திரிகை, உரிமையாளர் கை மாறியிருந்த அதே 'கிளாரியன்-லெட்ஜர்'. வழக்கு மறுபடி திறந்தது. 1994 பிப்ரவரியில் தண்டனை விதிக்கப்பட்டு, 2001-ல் பெக்வித் கைதியாகவே இறந்தார்.