தேன்-லெர்மிதாஜ்: ஆறு பிரித்துவிட்ட குன்று

கேள்வி: பிரான்சில் ரோன் ஆற்றங்கரையில் இருக்கும் தேன்-லெர்மிதாஜ் இவ்வளவு சின்ன ஊர். அதன் ஒயினுக்கு ஏன் அவ்வளவு பேர்? நேரில் பார்க்க எப்படிப் போவது?

முதலில் உச்சரிப்பு. கிட்டத்தட்ட நம் 'தேன்' மாதிரிதான், கடைசி எழுத்து மட்டும் மூக்கிலேயே நின்றுவிடும். ஊருக்கு வெறும் 'தேன்' என்றுதான் பெயர் இருந்தது. பின்னால் இருக்கும் 'எர்மிதாஜ்' குன்றின் பெயரை 1920-ல் சேர்த்துக்கொண்டார்கள்.

பேருக்குக் காரணம் அந்தக் குன்றுதான். ரோன் ஆற்றின் மேற்குக் கரையில் பழைய கருங்கல் மலைத்தொடர் இருக்கிறது. அதில் ஒரு துண்டை ஆறு அறுத்துக் கிழக்குக் கரையில் விட்டுவிட்டது. தெற்கே ஓடிவரும் ஆறு இங்கே மட்டும் கொஞ்ச தூரம் கிழக்கே வளைவதால், குன்றின் சரிவு தெற்கு முகமாக நிற்கிறது. நாள் முழுக்க வெயில். மிஸ்ட்ரல் என்ற வடக்குக் குளிர்காற்றை குன்றே மறைத்துவிடும்.

சரிவு முழுக்க ஒரே மண் இல்லை. மேற்கே பெஸார் பகுதியில் கருங்கல், நடுவில் மெயாலில் கூழாங்கல், கிழக்கே போகப் போக களிமண்ணும் காற்று கொண்டுவந்து கொட்டிய மெல்லிய மண்ணும். திராட்சை வகைகள்: சிவப்பு ஒயினுக்கு சிரா, வெள்ளைக்கு மார்சான், ருசான். சிவப்பில் 15 சதவீதம் வரை வெள்ளைத் திராட்சை சேர்க்க விதி அனுமதிக்கிறது.

வேலைதான் கொடுமை. கற்சுவர் எழுப்பிய அடுக்கு நிலத்தில் டிராக்டர் ஏறாது. ஒவ்வொரு கொடியையும் தனிக் கழியில் கட்டுகிறார்கள். அப்போதுதான் ஆள் சுற்றி வந்து கவாத்து செய்ய முடியும். பெருமழையில் மண் கீழே இறங்கிவிடும், அதை மறுபடி மேலே சுமக்க வேண்டும். சுவரை வருடா வருடம் கவனிக்காவிட்டால் ஒரு கல் சரிந்ததும் பின்னாலேயே மண்ணும் போய்விடும்.

குன்றின் திராட்சைத் தோட்டங்களின் மொத்தப் பரப்பு சுமார் 136 ஹெக்டேர்தான். இங்கேதான் வாங்குபவர்கள் ஏமாறுகிறார்கள்: 'க்ரோஸ்-எர்மிதாஜ்' என்பது சுற்றியுள்ள, பத்து மடங்குக்கும் பெரிய வேறு பகுதி. அதுவும் நல்ல ஒயின்தான், ஆனால் 'எர்மிதாஜ்' என்று மட்டும் பெயர் போட்ட குன்றின் ஒயின் அல்ல. லேபிளில் முழுப் பெயரையும் படியுங்கள்.

19ஆம் நூற்றாண்டில் பிரான்சின் இன்னொரு ஒயின் பகுதியான போர்தோவின் வியாபாரிகள் தங்கள் ஒயினுக்குத் திடம் கூட்ட இந்த ஒயினைக் கலந்தார்கள். அந்தக் கலப்புக்கு 'எர்மிதாஜே' என்று ஒரு சொல்லே இருந்தது!

'எர்மிதாஜ்' என்றால் துறவி தங்கும் இடம். குன்றுக்கு அந்தப் பெயர் வந்ததற்குச் சொல்லப்படும் கதை, 1224-ல் போரிலிருந்து திரும்பிய ஸ்தெரிம்பெர்க் என்ற வீரர் இங்கே துறவியாக ஒதுங்கினார் என்பது. எவ்வளவு உண்மையோ! ஆனால் ஊருக்குள் நிற்கும் கி.பி. 184-ஐச் சேர்ந்த ரோமானியப் பலிபீடம் கண்ணெதிரே இருக்கிறது. எதிர்க்கரை ஊரான தூர்னோனுக்கு பொறியாளர் மார்க் செகான் 1825-ல் கட்டிய இரும்புக் கம்பித் தொங்குபாலத்தை 1965-ல் இடித்துவிட்டார்கள். இப்போது நடந்து கடப்பது 19ஆம் நூற்றாண்டிலேயே அடுத்ததாகக் கட்டிய இன்னொரு தொங்குபாலத்தில்.

லியோன் நகரிலிருந்து ரயிலில் ஏறக்குறைய ஒரு மணி நேரம். அதிவேக டிஜிவி இங்கே நிற்காது, வட்டார ரயிலான டெர் பிடிக்க வேண்டும். தூர்னோன் போகவும் இதே நிலையம்தான். குன்றின் மேல் உள்ள செயின்ட் கிறிஸ்டோபர் சிற்றாலயம் வரை ஏறலாம். வழியில் நிழல் கிடையாது, ஜூலையில் காலையிலேயே கிளம்புங்கள். இறங்கியதும் வல்ரோனா சாக்லேட் ஆலையின் காட்சிக்கூடத்தையும் பார்க்கலாம். புட்டி வாங்கினால் இளசாகத் திறக்காதீர்கள், நாக்கை இறுக்கும். நல்ல ஆண்டுச் சிவப்புக்குப் பத்து வருடமாவது கொடுங்கள்.