ஒன்பது வெள்ளிக்கிழமை

அன்புள்ள அக்கா,

டர்பன் ஃபீனிக்ஸிலிருந்து எழுதுகிறேன். இந்தக் கிறிஸ்மஸுக்கு எங்கள் குடும்பத்தில் 26 பேர் கூடுகிறோம். எல்லாரும் எல்லாருக்கும் பரிசு வாங்கினால் கட்டுப்படியாகாது என்று சீட்டுக் குலுக்க முடிவு செய்தோம். ஒருவர் ஒருவருக்கு வாங்கினால் போதும். 200 ராண்டைத் தாண்டக் கூடாது. என்ன வேண்டும் என்பதை அவரவர் வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிட வேண்டும். அம்மாவைத் தவிர எல்லாருக்கும் சம்மதம். 78 வயதாகிறது, சீட்டைத் தொடவே மாட்டேன் என்கிறார். மற்ற 25 பேருக்கும் தானே வாங்குவாராம். போன வருஷம் எனக்கு மூன்று கைக்குட்டை கொடுத்தார். நான் கைக்குட்டை வைத்துக்கொள்வதே இல்லை. அவருக்கு எப்படிப் புரியவைப்பது? நாங்கள் முருகனைக் கும்பிடுகிறவர்கள். வீட்டில் மரம் வைக்கலாமா? நீங்கள் சின்ன வயதில் கிறிஸ்மஸ் கொண்டாடினீர்களா?

பி.

அன்புள்ள தம்பி,

மரத்தை முதலில் முடித்துவிடுகிறேன். வையுங்கள். முருகன் கோவித்துக்கொள்ள மாட்டார். தீபாவளிக்கு நம் பலகாரத் தட்டு தெரு முழுக்கப் போகிறது, கிறிஸ்மஸுக்கு அதே தட்டில் கேக் திரும்பி வருகிறது. இதற்கு நடுவில் ஒரு பிளாஸ்டிக் மரம் யாரை என்ன செய்துவிடும்?

சீட்டும் குலுக்குங்கள். 26 பேரும் ஒருவருக்கொருவர் வாங்கினால் 650 பொட்டலம் ஆகிறது. கணக்கு எனக்கும் புரிகிறது.

'அம்மாவுக்கு எப்படிப் புரியவைப்பது' என்று எழுதியிருக்கிறீர்களே, அதுதான் உறுத்துகிறது. போன வாரம் அலமாரியை ஒழித்தபோது பழைய பேக்கர்ஸ் பிஸ்கட் டின் ஒன்று கையில் வந்தது. உள்ளே அம்மாவின் லே-பை அட்டை, கடையில் வாராவாரம் காசு கட்டிய கணக்கு அட்டை, ஒன்று இருந்தது. அதைக் கையில் வைத்துக்கொண்டு இரண்டு நாளாக உட்கார்ந்திருந்தேன். மூன்றாம் நாள் உங்கள் கடிதம் வருகிறது.

கொண்டாடினோமா என்று கேட்கிறீர்கள். எங்கள் சாட்ஸ்வர்த் வீட்டில் ஏசுவுக்கு அதில் அதிகப் பங்கில்லை. அம்மா தையல் ஃபேக்டரியில் மெஷினில் இருந்தார். டிசம்பர் நடுவில் ஃபேக்டரியை மூடினால் ஜனவரியில்தான் திறப்பார்கள். லீவுச் சம்பளம் மொத்தமாகக் கையில் வரும் ஒரே மாதம் அது. ஆட்டுக்கறி, பிரியாணி, டிரைஃபிள், தெருமுனையில் கொத்தாக லிச்சி. மறுநாள் கடற்கரை, அதுவும் இந்தியர்களுக்கென்று ஒதுக்கிய துண்டில் மட்டும். டர்பன் கடற்கரைகள் எல்லாருக்கும் திறந்தது 1989-இல்தான். அந்தக் கதையை இங்கே ஆரம்பித்தால் முடியாது.

பரிசு என்றால், நம் ஊரில் பள்ளிக்கூடம் ஜனவரியில் திறப்பது பிள்ளைகளுக்கு நேர்ந்த பெரிய அநியாயம். கிறிஸ்மஸ் பாக்ஸ் என்று ஆசையாகப் பிரித்தால் உள்ளே கறுப்புப் பள்ளிக்கூட ஷூ இருக்கும். வருஷா வருஷம் ஷூ, இரண்டு நம்பர் பெரியதாக, நுனியில் பஞ்சு அடைத்து. எப்படியும் வாங்க வேண்டியதற்குப் பளபளப்புக் காகிதம் சுற்றிப் பரிசு என்பதா என்று எனக்குக் கோபம் வரும்.

1971-இல் அம்மா அதை மாற்ற நினைத்திருக்கிறார். கிரே ஸ்ட்ரீட் பக்கம் ஒரு கடையில், கையைப் பிடித்து நடத்தினால் கால் எடுத்து வைக்கும் பொம்மை ஒன்று இருந்தது. விலை ஆறு ராண்ட். தங்கைக்கு என்று அதை லே-பையில் போட்டார். உங்கள் பிள்ளைகளுக்கு இது தெரியாது, சொல்லுங்கள். கிரெடிட்டில் சாமானை இன்றே வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டு அப்புறம் பணம் கட்டுவோம். லே-பையில் சாமான் கடைக்காரரின் பின்கட்டில், உங்கள் பெயர் எழுதிய சீட்டோடு தூங்கும். நீங்கள் வாராவாரம் போய்க் கட்டுவீர்கள். கடைசிக் காசும் விழுந்த பிறகுதான் அது கைக்கு வரும். அட்டையில் ஒன்பது வெள்ளிக்கிழமை பதிவாகியிருக்கிறது, ஒவ்வொன்றும் 50 செண்ட். சம்பளக் கவரைப் பிரித்ததும் பஸ் ஏறுவதற்கு முன் அம்மா அந்தக் கடைக்குப் போயிருக்கிறார். ஒன்பது வாரம் ஒரு பிள்ளையை மனதில் வைத்துக்கொண்டு, அந்தப் பிள்ளையிடமே வாயைத் திறக்காமல் இருப்பது எவ்வளவு பெரிய வேலை என்று யோசித்துப் பாருங்கள். அந்த ஒன்பது வாரத்தில் தங்கை அடி வாங்கியிருப்பாள், பொய் சொல்லியிருப்பாள், சாப்பிடாமல் அடம்பிடித்திருப்பாள். வெள்ளிக்கிழமை 50 செண்ட் மட்டும் தவறவில்லை.

அதைக் கெடுத்தது நான். அம்மாவின் பையில் அட்டையைப் பார்த்துவிட்டுத் தங்கையிடம் சொல்லிவிட்டேன். அவள், "பொம்மை வேண்டாம், பெயிண்ட் பெட்டிதான் வேண்டும்" என்று தரையில் உருண்டாள். அம்மா சனிக்கிழமை கடைக்குப் போனார். மாற்றித் தர மாட்டோம், நிறுத்தினால் கட்டிய பணமும் கிடையாது என்றார்கள். அம்மாவுக்கும் ரோஷம். நிறுத்திவிட்டார். நாலு ராண்ட் ஐம்பது செண்ட் போயிற்று. இன்று அப்படிச் செய்ய முடியாது. 2008-இல் கொண்டுவந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தில் லே-பைக்கென்று தனிப் பிரிவே இருக்கிறது. நாமாக நிறுத்தினாலும் சிறு தொகையைக் கழித்துக்கொண்டு மீதியைத் தந்தாக வேண்டும். கடைக்காரர் தன் தவறால் சாமானைக் கொடுக்க முடியாமல் போனால், கட்டியதைப் போல இரண்டு மடங்கு. அம்மாவுக்கு இதைச் சொல்ல முடியவில்லை.

அந்த வருஷமும் ஷூதான் வந்தது.

உங்கள் மனைவி இதைப் படித்துவிட்டு, "பார்த்தீர்களா, முன்னாலேயே என்ன வேண்டும் என்று கேட்டிருந்தால் இந்த வம்பே இல்லையே" என்பார். நியாயம்தான். என்னிடம் பதில் இல்லை. ஆனாலும் குழுவில் லிங்க் போட்டு, நிறமும் சைஸும் சொல்லி வரவழைப்பதற்குப் பரிசு என்று பெயர் வைக்காதீர்கள். என் 200 உங்களிடம், உங்கள் 200 என்னிடம். இதற்கு எதற்குப் பளபளப்புக் காகிதம்? எனக்கு வந்த ஷூவுக்காவது அம்மா என் காலைப் பார்த்திருந்தார்.

கைக்குட்டை வைத்துக்கொள்வதில்லை என்கிறீர்கள். டர்பனில் டிசம்பர் மாதம் முகத்தை எதில் துடைக்கிறீர்கள், சட்டைக் கையிலா? உங்கள் அம்மா அதைப் பார்த்திருப்பார். 25 பேருக்கு ஒரே நாளில் வாங்கியிருக்கவும் மாட்டார். பென்ஷன் வந்ததும் மாதம் இரண்டு மூன்று என்று ஜனவரியிலிருந்தே சேர்த்திருப்பார். எந்த அலமாரியில், எந்தத் துணிக்கு அடியில் என்று உங்களுக்குத் தெரியுமா? தெரியாது. பெற்ற தாய்க்குப் புரியவைக்கக் கிளம்பியிருக்கிறீர்கள். சீட்டிலிருந்து அவர் பெயரை நீக்கிவிடுங்கள், அவர் பாட்டுக்குக் கொடுக்கட்டும். ஒரு கைக்குட்டையை இன்றைக்கே சட்டைப் பையில் வைத்துக்கொண்டு போய் அவர் முன்னால் முகத்தைத் துடையுங்கள்.

உங்களுக்கு எழுத உட்காருவதற்கு முன் தங்கைக்குப் போன் செய்து, அட்டை கிடைத்த விஷயத்தைச் சொன்னேன். பெயிண்ட் பெட்டி கேட்டு அழுதாயே, ஞாபகமிருக்கிறதா என்றேன்.

"பெயிண்ட் பெட்டியா? நானா? எனக்கு அந்தப் பொம்மைதான் வேண்டியிருந்தது" என்கிறாள்.