பால் கக்கும் குழந்தைக்கு மருந்து வேண்டுமா?

தங்கச்சி, மலேசியாவில் சுங்கை சிப்புட்டுக்குப் புதிதாக வந்திருக்கிறேன், ரெண்டு மாதக் குழந்தை குடித்ததும் பாலைக் கக்குகிறது, அம்மா ஊரிலிருந்து அனுப்பிய டொம்பெரிடோன் என்ற வாந்திச் சொட்டு மருந்தைக் கொடுப்பதா, இங்கே கிளினிக்கில் தந்த அமில மருந்தைக் கொடுப்பதா என்று கேட்டிருந்தீர்கள்.

ஊர் மருந்து வேண்டவே வேண்டாம். டொம்பெரிடோன் இதயத் துடிப்பைக் குலைக்கக்கூடும் என்று 2014-லேயே ஐரோப்பாவில் அதைக் கட்டுப்படுத்திவிட்டார்கள். ரானிடிடின் என்ற அமில மருந்தை 2020-ல் அமெரிக்கா சந்தையிலிருந்தே எடுக்கச் சொன்னது. நம் ஊர்க்காரர்களோ மிளகாய்த்தூளோடு அந்த பாட்டில்களையும் கொண்டுவந்து பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கும் ஊற்றுகிறார்கள். எனக்கு ஆறாத கோபம் இது.

கிளினிக்கில் தரும் ஒமெப்ரசோல் வகை மருந்து அமிலத்தைக் குறைக்கும், பால் மேலே வருவதை நிறுத்தாது. அதே வகையைச் சேர்ந்த லான்சோபிரசோல் பற்றி 2009-ல் வெளியான ஆய்வில் 162 குழந்தைகள். நிஜ மருந்துக்கும், ஒப்பிட்டுப் பார்க்கக் கொடுத்த மருந்தில்லாத போலி மருந்துக்கும் பலனில் வித்தியாசமே இல்லை, நிஜ மருந்து குடித்தவர்களுக்கு நெஞ்சுத் தொற்றுதான் அதிகம் வந்தது. கிருமியைக் கொல்வதும் அந்த அமிலம்தானே. உணவுக்குழாய் புண்ணாகியிருந்தால் அது வேறு, அப்போது மருந்து தேவைப்படலாம். எதற்கு, எத்தனை வாரம் என்று டாக்டரிடம் கேளுங்கள். இங்கே தனியார் கிளினிக்கிலேயே மருந்தைப் பையில் போட்டுக் கொடுத்துவிடுவார்கள். "உபாட் இனி உந்தோக் அபா?" (இந்த மருந்து எதற்கு?) என்று மலாயில் கேட்க நான் வந்த வருடமே கற்றுக்கொண்டேன். பல வருடமாக இருந்தும் மலாய் பேச மாட்டோம் என்பவர்களை எனக்குப் புரிவதே இல்லை.

எடை ஏறி, சிரித்து விளையாடும் குழந்தை கக்கினால் பயமில்லை. நாலு மாதவாக்கில் அதிகமாகும், பெரும்பாலும் ஒரு வயதுக்குள் அடங்கிவிடும். வாந்தி பச்சையாகவோ ரத்தமாகவோ வந்தால், பீய்ச்சி அடித்தால், எடை ஏறாவிட்டால், சிறுநீர் குறைந்தால் உடனே மருத்துவமனைக்குப் போங்கள். வெளிநாட்டவருக்குக் கட்டணம் அதிகம்தான், அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

என் மகளுக்கும் இப்படித்தான் இருந்தது. பக்கத்து வீட்டில் ரப்பர் தோட்டத்தில் பால் எடுக்க மரம் சீவி ஓய்வு பெற்ற பாட்டி ஒருவர் இருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகப் பால் கொடுக்கச் சொல்லி, அப்புறம் தோளில் நிமிர்த்திப் பிடித்தபடி வாசலில் நடப்பார். தூங்கும்போது மல்லாக்கத்தான் போட வேண்டும் என்பதில் கிளினிக் மிஸ்ஸி (நர்ஸ்) கண்டிப்பாக இருந்தார். ஊரிலிருந்து வந்த சிலர் தோட்டத்து மக்களிடம் ஒட்டாமல் நிற்கிறார்கள். எனக்குச் சொந்தமாக நின்றவர்கள் அவர்கள்தான், அந்தப் பாட்டி வீட்டுப் பேரப்பிள்ளைகளோடுதான் என் மகள் தமிழ்ப்பள்ளிக்கே போனாள்.